தீவைத் தின்ற செல்வம்

கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது ஒரு கல். ஆஸ்திரேலிய நாட்டுச் சிட்னி நகரில், பசிபிக் தீவுகளோடு வாணிபம் செய்த கம்பெனியொன்றின் அலுவலகத்தில், காற்றுக்குக் கதவு அறைந்து சாத்திக்கொள்ளாதிருக்க வேண்டுமென்று தரையில் போட்டு வைத்த கல். கல்லாய்ச் சமைந்துவிட்ட மரம் என்று அங்கிருந்தோர் எண்ணினர். எண்ணியதோடு சரி, எவரும் அதனை ஏறிட்டுப் பார்த்ததில்லை. 1899ஆம் ஆண்டில் ஆல்பர்ட் எல்லிஸ் என்னும் அலுவலர் அதைப் பார்த்தார். பார்த்ததோடு நில்லாமல் ஒரு சில்லைப் பெயர்த்தெடுத்துச் சோதித்தார். சோதனை சொன்னது, அது மரமுமன்று, வெறுங்கல்லுமன்று, வறண்ட வயலையும் விளையவைக்கும் உயர்ந்த பாஸ்பேட்டு என்று!

எங்கிருந்து வந்தது இக்கல் என்று கேட்டனர். நவுருவிலிருந்து என்று விடை வந்தது. அந்த ஒரு விடை, ஒரு சிறு தீவின் தலையெழுத்தை மாற்றி எழுதிற்று. தலையெழுத்து என்று சொன்னதற்காகத் தோழர்கள் சினங்கொள்ள வேண்டா. பிரமன் எழுதியதன்று இது, கம்பெனிக் கணக்கர் எழுதியது.

நவுரு, நிலநடுக்கோட்டுக்குச் சற்றே தெற்கில், பசிபிக் பெருங்கடலின் நடுவில் தனித்து நிற்கும் தீவு. பரப்பளவு 21 சதுர கிலோமீட்டர். காலையில் நடக்கத் தொடங்குபவன் பொழுது சாய்வதற்குள் கரையைச் சுற்றி வந்துவிடலாம். 1798இல் அவ்வழியே சென்ற ஜான் ஃபெர்ன் என்னும் ஆங்கிலக் கப்பல் தலைவன், கரையின் பசுமையைக் கண்டு ‘இனிய தீவு’ என்று பெயரிட்டான். கரையோரம் தென்னை. தாழை. நடுமேட்டில் புன்னை. ஆம், நம் நெய்தல் நிலத்துப் புலவர்கள் பாடிப் பாடி அலுக்காத அதே புன்னைதான்; தோமானோ என்பது அங்கே அதன் பெயர். தீவின் உள்ளே புவாடா என்றோர் ஏரி. கடற்பாறை ஓரத்தில் பிடித்த பால்மீன் குஞ்சுகளை அவ்வேரியில் விட்டு வளர்த்து உண்டனர் மக்கள்.

அதனால் அங்கே பொற்காலம் நிலவியது என்று பொய் புனைய நாம் முன்வரவில்லை. ஐரோப்பிய வணிகர் விற்ற துப்பாக்கியும் சாராயமும் கைக்கு வந்தபின், 1878 தொடங்கிப் பத்தாண்டுக் காலம் குலத்தோடு குலம் மோதி மடிந்தது. வறட்சி வந்தால் பட்டினியும் வந்தது. முன்னோர் வாழ்ந்ததெல்லாம் மேன்மை, இன்று நடப்பதெல்லாம் கீழ்மை என்னும் பழமைப் பித்து நமக்கு வேண்டா. நாம் கேட்க விரும்புவது வேறு வினா. வளம் வந்தது, வருமானம் வந்தது, வளர்ச்சி வந்தது என்று உலகம் கைதட்டிய நாளில், அத்தீவில் உண்மையில் நடந்தது என்ன?

1888இல் செருமானியர் நவுருவைத் தமதாக்கிக்கொண்டனர். அதன் பின்னரே கல்லின் மதிப்புத் தெரிந்தது. எல்லிஸ் முதலில் சென்றது பக்கத்திலிருந்த பனாபா தீவுக்கு. ஓஷன் தீவு என்பது வெள்ளையர் இட்ட பெயர். 1900ஆம் ஆண்டில் அங்கே ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. தீவின் பாஸ்பேட்டு முழுவதையும் 999 ஆண்டுகளுக்குத் தோண்டிக்கொள்ளும் உரிமை. விலை ஆண்டுக்கு 50 பவுன்! எழுத்தறியாதவரிடம் கைந்நாட்டு வாங்கிய நம்மூர் வட்டிக்கடைக்காரன்கூட ஆயிரம் ஆண்டுக்கு ஓராண்டு குறைத்துக் கணக்கெழுதும் துணிவு பெற்றிருக்க மாட்டான். நவுருவில் தோண்டுவது 1906இல் தொடங்கியது. நிலத்துக்குரியவனுக்குக் கொடுத்தது டன் ஒன்றுக்கு அரைப் பென்னி.

முதல் உலகப் போர் மூண்டது. 1914இல் ஆஸ்திரேலியப் படை தீவைப் பிடித்தது. போர் ஓய்ந்தபின், 1919இல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று அரசுகளும் கூடி ஒப்பந்தம் செய்து, கம்பெனியை 35 இலட்சம் பவுனுக்கு விலைக்கு வாங்கிப் பங்கு பிரித்துக்கொண்டன. பிரிட்டனுக்கு நூற்றுக்கு 42, ஆஸ்திரேலியாவுக்கு 42, நியூசிலாந்துக்கு 16. கூட்டிப் பாருங்கள், நூறு வரும். அந்த நூறில் நவுரு மக்களுக்குப் பங்கு யாது? ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டே, நாகரிகத்தின் புனிதப் பொறுப்பு என்று பெயர் சூட்டி, நாடுகளின் சங்கம் நவுருவை இம்மூவர் கையிலேயே ஒப்படைத்தது. கோழிக்குஞ்சைக் காக்கும் புனிதப் பொறுப்பைப் பருந்து ஏற்றுக்கொண்டது!

எடுத்த பாஸ்பேட்டு எங்கே சென்றது? ஆஸ்திரேலியக் கோதுமை வயலுக்கும் நியூசிலாந்துப் புல்வெளிக்கும். உலகச் சந்தை விலைக்கு அன்று. அதற்கும் கீழே, செலவுக் கணக்கு விலைக்கு. அந்நாட்டு உழவர் மலிவாக உரம் பெற்றனர். கோதுமை குவிந்தது, வெண்ணெய் கப்பலேறியது, அந்நாடுகளின் வருமானக் கணக்கு உயர்ந்தது. உயர்ந்த கணக்கின் ஒவ்வொரு வரிக்கும் அடியில் நவுருவின் மேட்டிலே ஒரு குழி விழுந்தது. அக்குழியை எந்த நாட்டுக் கணக்கேடும் எழுதவில்லை.

இங்கே 1932ஆம் ஆண்டைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். அவ்வாண்டில், ஒன்றையொன்று அறியாத இரு இடங்களில் இரு கணக்குகள் எண்ணப்பட்டன.

ஒன்று நவுருவில். 1920இல் வந்த நச்சுச் சளிக்காய்ச்சல் தீவு மக்களைக் கொத்துக் கொத்தாக மாய்த்திருந்தது. ஓர் இனம் அழியாது நிலைக்க வேண்டுமாயின் 1,500 பேராவது இருக்க வேண்டும் என்று அங்கே கருதப்பட்டது. அன்றுமுதல் ஒவ்வொரு பிறப்பையும் எண்ணினர். 1932 அக்டோபர் 26ஆம் நாள் ஒரு பெண்குழந்தை பிறந்தது. ஆயிரத்து ஐந்நூறு! ஊரே திரண்டு விழா எடுத்தது. அங்காம் நாள் என்று இன்றும் கொண்டாடுகின்றனர். இல்லம் வந்து சேர்ந்தோம் என்பது அச்சொல்லின் பொருள். விழா என்றால் எவனோ எவனையோ வதைத்த கதை வேண்டும் என்று பழகிப்போன நமக்கு, ஒரு குழந்தை பிறந்ததற்காக ஒரு நாடே விழா எடுக்கிறது என்பது வியப்பாக இல்லையா?

மற்றொன்று அமெரிக்காவில். பெரும் பொருளாதார வீழ்ச்சியில் சிக்கிய அந்நாட்டின் மேலவை, நாட்டின் வருமானம் முழுவதையும் அளந்து சொல்க என்று 1932 சூனில் தீர்மானம் நிறைவேற்றியது. அப்பணியை ஏற்றவர் சைமன் குஸ்நெட்ஸ் என்னும் அறிஞர். 1934 சனவரியில் அவருடைய அறிக்கை மேலவையின் முன் வைக்கப்பட்டது. இன்று ஒவ்வொரு நாட்டு நிதியமைச்சரும் மந்திரம்போல் ஓதும் மொத்த உள்நாட்டு உற்பத்தி என்னும் அளவுகோலுக்கு மூலம் அதுவே. ஆனால் அந்த அளவுகோலைச் செய்து கொடுத்தவரே அதே அறிக்கையில், வருமானத்தின் அளவை வைத்து ஒரு நாட்டின் நலத்தை அறிந்துவிட முடியாது என்று எச்சரித்தார். எச்சரிக்கையை மறந்தனர், அளவுகோலைத் தொழுதனர். சிற்பி ‘இது கல்’ என்று சொல்லிக்கொண்டே இருக்க, பக்தர் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்ட கதை!

தலையை எண்ணுவதா, டன்னை எண்ணுவதா? நவுருவின் வரலாறு முழுதும் இவ்வினாவில் அடங்கும்.

1942 ஆகஸ்டில் சப்பானியப் படை நவுருவில் இறங்கிற்று. அடுத்த ஆண்டு 1,200 நவுரு மக்கள் ட்ரக் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டனர். தொழுநோயாளர் 39 பேரைப் படகில் ஏற்றிக் கடலில் மூழ்கடித்தனர். ட்ரக்கில் பசியும் நோயும் குண்டுவீச்சும் சூழ்ந்தன. 1946 சனவரி 31 அன்று தாயகக் கரையில் மீண்டும் கால் வைத்தவர்கள் 737 பேர். எண்ணி எண்ணிச் சேர்த்த ஆயிரத்து ஐந்நூறு மீண்டும் குறைந்துபோயிற்று, மீண்டும் எண்ணினர், 1949இல் மீண்டும் எட்டினர். இந்த உறுதி படைத்த மக்களிடம்தான், 1960களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியா ஓர் யோசனையை நீட்டியது. உங்கள் தீவு இன்னும் சில பத்தாண்டுகளில் வாழத் தகாததாகிவிடும். குவீன்ஸ்லாந்துக் கரையை அடுத்த கர்ட்டிஸ் தீவுக்குக் குடிபெயருங்கள். எங்கள் குடிமக்களாகுங்கள் என்றது. வாழத் தகாததாக்குவது யார் என்று மட்டும் சொல்லவில்லை! நாங்கள் ஓர் இனம், எங்களுக்குத் தன்னாட்சி வேண்டும் என்றனர் நவுருத் தலைவர்கள். யோசனை 1964இல் கைவிடப்பட்டது. ஹேமர் டிரோபர்ட் தலைமையில் போராடி, ட்ரக்கிலிருந்து மீண்ட அதே சனவரி 31ஆம் நாளைத் தேர்ந்து, 1968இல் விடுதலைக் கொடி ஏற்றினர். 2 கோடியே 10 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் கொடுத்துத் தம் மண்ணிலிருந்த சுரங்கத் தொழிலைத் தாமே விலைக்கு வாங்கி, 1970இல் ஏற்றனர்.

இதுவரை கதை நமக்கு எளிது. அடிமைப்படுத்தியவன் கொள்ளையன், அடிமைப்பட்டவன் நல்லவன் என்று முடித்துவிடலாம். முடிக்க முடியவில்லை, ஏனெனில் விடுதலைக்குப் பின்னும் தோண்டுவது நிற்கவில்லை. தோண்டிய நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அயலார் ஆட்சியில் தோண்டப்பட்டது. எஞ்சியது தன்னாட்சியில்! கொடி மாறியது, கொள்கை மாறவில்லை. மண்வெட்டியின் கைப்பிடி மட்டுமே கைமாறிற்று.

பணம் கொட்டிற்று, உண்மை. 1970களில் நவுருவின் தனிநபர் வருமானம் உலகின் மிக உயர்ந்த வருமானங்களுள் ஒன்றாயிற்று. வருமான வரி இல்லை, மருத்துவம் இலவயம், கல்வி இலவயம். உலகப் பொருளியல் பட்டியல்களில் நவுரு வல்லரசுகளோடு வரிசையில் நின்றது. மெல்பர்ன் நகரில் 52 மாடிக் கட்டடம் ஒன்று 1977இல் நவுருவின் பெயரால் எழுந்தது. பறவை எச்சத்தில் விளைந்த பணம் என்பதால் அந்நகரத்தார் அதற்கு இட்ட கேலிப் பெயரை இவ்வேட்டில் அச்சிடக் கூச்சமாக இருக்கிறது. சொந்த விமானக் கம்பெனி ஒன்றும் பறந்தது. லியோனார்டோ டாவின்சியின் காதலைப் பற்றி இலண்டனில் ஓர் இசை நாடகத்துக்கும் நவுருவின் பணம் முதலாயிற்று. 1993இல் அரங்கேறியது, சில வாரங்களில் திரை விழுந்தது. தீவின் மக்கள் அந்நாடகத்தால் பெற்ற இன்பம் என்ன என்பதை அந்த நாடகக்காரரே அறிவர்.

உள்ளே என்ன நடந்தது? பால்மீன் வளர்த்த ஏரி மறக்கப்பட்டது. தோட்டம் தேவைப்படவில்லை, நடுமேட்டில் தோட்டம் போட மண்ணுமில்லை. டின்னில் அடைத்த இறைச்சியும் தீட்டிய அரிசியும் சர்க்கரையும் கப்பலில் வந்தன. பாஸ்பேட்டு ஏற்ற வந்த கப்பல்களே குடிநீரையும் கொண்டுவந்தன. 1970களின் நடுவில் மருத்துவர் ஆய்ந்தபோது, வயதுவந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு நோய்! உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளுள் அஃதும் ஒன்று. வருமானத்தில் முதல் வரிசை, நோயிலும் முதல் வரிசை. முன்னதைப் பட்டியலிட்ட பொருளியல் ஏடு பின்னதைப் பட்டியலிடவில்லை.

இந்தக் கணக்கின் சூட்சுமத்தை நம் இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வீட்டுக் கூரையின் உத்திரத்தைப் பிடுங்கி விற்கிறான் ஒருவன். அன்று மாலை அவன் பையில் நூறு ரூபாய். இவனுக்கு இன்று வருமானம் நூறு என்று எழுதுகிறார் கணக்கர். நாளை தூணை விற்கிறான், வருமானம் இருநூறு. நூற்றுக்கு நூறு வளர்ச்சி! மழைக்காலம் வருகிறது, ஒழுகும் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல், மருத்துவருக்கு ஐம்பது ரூபாய் கொடுக்கிறான். அதுவும் பொருளாதார நடவடிக்கை. அதையும் கூட்டுகிறார் கணக்கர். கூரை போனது மட்டும் எந்த வரியிலும் இல்லை. பைத்தியக்காரக் கணக்கு என்று சிரிப்பீர்கள். நவுருவின் பாஸ்பேட்டு டன் டன்னாகக் கப்பலேறியபோது எழுதப்பட்டது இதே கணக்குதான். தேய்ந்த பொறிக்குத் தேய்மானம் கழிக்கும் கணக்கர், தேய்ந்த தீவுக்குக் கழிக்கவில்லை. நிலத்தடியிலிருந்து எடுத்த முதலைக் கழிக்காமல் வரவு என்றே எழுதும் வழக்கம் உலக நாடுகளின் தலைப்புக் கணக்கில் இன்னமும் இருந்து வருகிறது.

இதை முன்னமே கண்டு சொன்னவர் நம் தஞ்சையில் பிறந்த ஒருவர். ஜே. சி. குமரப்பா. 1945ஆம் ஆண்டில், ஜபல்பூர்ச் சிறையிலிருந்தபோது, நிலைபேற்றின் பொருளியல் பற்றி அவர் ஆங்கிலத்தில் நூல் எழுதினார். தேங்கி நிற்கும் இருப்பிலிருந்து எடுக்கும் வாழ்வு ஒன்று, ஓடி வரும் ஊற்றிலிருந்து எடுக்கும் வாழ்வு மற்றொன்று எனப் பிரித்தார். நிலக்கரி, எண்ணெய், கனிமம் எல்லாம் தேக்கம். எடுக்க எடுக்கக் குறையும். குறையக் குறையச் சண்டை வரும். ஆறும் காடும் பயிரும் ஓட்டம். குமரப்பாவின் பக்தி மணமும் இராட்டை வழிபாடும் நமக்கு உடன்பாடில்லை. கிராமத்தை அவர் கண்ட கண்ணில் சேரி தெரியவில்லை என்று வாதாடவும் இடமுண்டு. ஆனால் தேக்கம், ஓட்டம் என்ற அந்தப் பிரிவினை பகுத்தறிவுக்கு ஒத்தது. கையால் தொட்டு, கண்ணால் கண்டு மெய்ப்பிக்கத்தக்கது. நவுருவைப் போல் அதனை மெய்ப்பித்த ஊர் வேறில்லை.

1972இல் வளர்ச்சிக்கும் எல்லை உண்டு என்னும் அறிக்கையை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அதே ஆண்டில் பாரிசில் ஆந்திரே கோர்ஸ் என்னும் எழுத்தாளர், வளர்ச்சித் தணிப்பு என்று நாம் சொல்லத்தக்க ஒரு பிரெஞ்சுச் சொல்லை வாதத்தில் வீசினார். 2008இல் அதே பாரிசில் அக்கொள்கைக்கு உலக மாநாடே கூடியது. எல்லையுள்ள உருண்டையில் எல்லையற்ற பெருக்கம் இயலாது. செல்வநாடுகள் தம் நுகர்வைக் குறைத்தாக வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

உடனே ஒரு மறுப்பு எழும், எழத்தான் வேண்டும். அரை வயிற்றுக் கஞ்சிக்கு அல்லற்படுவோரிடம் வந்து, வளர்ச்சி வேண்டா என்று உபதேசிப்பதா? ஆசையை அடக்கு, அடுத்த பிறவியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆயிரம் ஆண்டாய்ச் சொன்ன அதே குரல் மேல்நாட்டு உடையணிந்து வருகிறதா? ஐயம் நியாயமானது. உண்டு களித்தவன் பசித்தவனுக்கு நோன்பு கற்பிக்கும் வேலை எந்த வடிவில் வந்தாலும் விரட்டப்பட வேண்டியதே. ஆனால் நவுருவின் கதை நோன்பின் கதையன்று. அங்கே பசித்தவன் நிலத்தை எடுத்து, உண்டவனின் புல்வெளியில் கொட்டி, அதற்குத்தான் வளர்ச்சி என்று பெயரிட்டனர். பள்ளியும் மருத்துவமும் குடிநீரும் வேண்டாம் என்று எவன் சொன்னான்? அவை எத்தனை பேருக்கு எட்டின, எத்தனை நாள் நிலைக்கும் என்று எண்ணுங்கள் என்பதே கேள்வி. மொத்தத் தொகை அதற்கு விடை சொல்லாது. ஒருவன் இலையில் பத்து இட்லியும் ஒன்பது பேர் இலையில் ஒன்றுமில்லாமலும் இருந்தால், தலைக்கு ஓர் இட்லி என்று சராசரி சொல்லும்!

நவுருவின் மேடு தீர்ந்தது. தீவின் ஐந்தில் நான்கு பங்கு தோண்டப்பட்டது. பாஸ்பேட்டு இருந்த இடமெல்லாம் வெண்சாம்பல் நிறச் சுண்ணாம்புக் கூர்ம்பாறைகள், ஆளுயரத்துக்கும் மேலே, பற்களைப்போல் நிற்கின்றன, இடையே குழிகள். நடக்கவும் வழியில்லை, நடவும் வழியில்லை. புன்னை போயிற்று. பழைய ஆட்சியாளர் தோண்டிய நிலத்தைச் சீர்செய்யும் பொறுப்பு யாருடையது என்று ஆராய 1986இல் நவுரு ஓர் ஆணையம் அமைத்தது. தலைவர் இலங்கைச் சட்ட மேதை வீரமந்திரி. அதன் வழியே 1989இல் ஆஸ்திரேலியாவை உலக நீதிமன்றத்தில் நிறுத்தியது அந்தச் சின்னஞ்சிறு நாடு! 1992இல், வழக்கைக் கேட்க எமக்கு அதிகாரம் உண்டு என்றது நீதிமன்றம். அடுத்த ஆண்டில் வெளியே சமரசம். 10 கோடியே 70 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர். வீரத்துக்கு வணக்கம் செலுத்துவோம். ஆயினும் மேடு மீளவில்லை. எதிர்காலத்துக்கென்று சேர்த்த அறநிதி, தவறான முதலீட்டிலும் ஊதாரித்தனத்திலும் கரைந்தது. 2004இல் மெல்பர்ன் மாளிகை விற்கப்பட்டது. 2005 இறுதியில் கடைசி விமானத்தையும் கடன்காரர் பறித்தனர்.

மண்ணை விற்று முடித்தவன் அடுத்து எதை விற்பான்? முதலில் பெயரை விற்றனர். கதவும் பலகையும் இல்லாத நூற்றுக்கணக்கான அயல்நாட்டு வங்கிகள் 1990களில் நவுருவின் பெயரில் பதிவாயின, கள்ளப்பணம் அவ்வழியே ஓடிற்று. பின்னர் இடத்தை விற்றனர். 2001இல், கடலில் தத்தளித்து நார்வேக் கப்பலொன்றால் மீட்கப்பட்ட ஏதிலியருள் பெரும்பாலோரை ஆஸ்திரேலியா தன் கரையில் இறக்க மறுத்து நவுருவுக்கு அனுப்பியது. அதற்குப் பணம் கொடுத்தது. தடுப்பு முகாம் எழுந்தது. 2007இல் இலங்கையிலிருந்து கடல்வழி தப்பிய எண்பதுக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் தமிழர், அங்கே அடைக்கப்பட்டனர். அவர்களுள் மிகப் பலர் உண்மை ஏதிலியர் என்று அவ்வாண்டிலேயே ஆஸ்திரேலிய அரசே ஒப்புக்கொண்டது. 2008இல் மூடிய முகாம் 2012இல் மறுபடியும் திறந்தது. சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்ட தமிழன், சொந்த மண்ணையே விற்றுவிட்ட நவுருவானின் காவலில்! முகாம் வருவாய் நவுருவின் தேசிய வருமானத்தில் ஏறிற்று. புள்ளிவிவர ஏடு அதனையும் வளர்ச்சி என்றே எழுதிற்று.

நிலம் முடிந்தது, அடுத்து கடலின் அடி. 2021 சூனில், ஆழ்கடலில் கிடக்கும் உலோக உருண்டைகளைத் தோண்டுவதற்கு ஈராண்டுக்குள் விதி வகுத்துத் தருக என்று, ஓர் அயல்நாட்டுக் கம்பெனியின் புரவலராக நின்று, ஜமைக்காவிலுள்ள பன்னாட்டுக் கடற்படுகை ஆணையத்தை நெருக்கியது நவுரு. ஏளனம் செய்ய நமக்கு வாய் வரவில்லை. எல்லாம் பறிக்கப்பட்டபின் கையில் எஞ்சிய சீட்டைத்தானே ஆடுவான் மனிதன்!

இதற்கிடையில் கடல் உயர்கிறது. நவுருவின் ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் மக்கள், மேடு குதறப்பட்டுவிட்டதால், கரையோரப் பட்டையில்தான் நெருங்கி வாழ்கின்றனர். நிலக்கரியும் எண்ணெயும் எரித்துப் பெருத்த நாடுகளின் வளர்ச்சி, அக்கரையை அலையாக வந்து தொடுகிறது. ஆகவே மக்களை மேட்டுக்கு ஏற்ற வேண்டும் என்று அரசு திட்டம் தீட்டியிருக்கிறது. எந்த மேட்டுக்கு? நூறு ஆண்டு தோண்டிய அதே மேட்டுக்கு! கூர்ம்பாறைகளை உடைத்துச் சமன் செய்து, மண்ணிட்டு, வீடு கட்ட வேண்டும். அதற்குப் பணம்? 2025 முதல் நவுரு தன் குடியுரிமையை வெளியாருக்கு விற்கிறது. 2025இல் அதன் விலை தனியொருவருக்கு 1,05,000 அமெரிக்க டாலராக இருந்தது.